தின்னரில் கை கழுவச் சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு முன்பு வீட்டுக்குச் சாயம் பூசுவது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த குறிப்புகளைப் படித்தேன். பழைய சாயத்தைச் சுரண்டி எடுப்பது, சுவரின் ஈரம் காயும்வரை பொறுத்திருப்பது, முதல் பூச்சுக்கும் இரண்டாம் பூச்சுக்கும் இடையே விட வேண்டிய நேரம் ஆகியவற்றைப் பற்றி அதில் எழுதியிருந்தவை பயனுள்ளவை. அவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், கையில் ஒட்டிய சாயத்தைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளலாம் என்றும், மிஞ்சிய தின்னரைக் காலியான குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைத்துக்கொள்ளலாம் என்றும் வந்த இரண்டு யோசனைகளை அப்படியே விட்டுவிட முடியாது. பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் உள்ள ஒரு சாயத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இவ்விரண்டும் நம் வீடுகளிலும் பட்டறைகளிலும் ஏற்கெனவே ஊறிப்போன பழக்கங்கள். அச்சில் வந்துவிட்டால் அவற்றுக்கு ஒரு மதிப்பும் சேர்ந்துவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடையில் தின்னர் என்று விற்கப்படுவது ஒரே பொருளன்று; பல கரைப்பான்களைக் கலந்து செய்வது. அக்கலவையில் அசிட்டோன் இருக்கலாம், எஸ்டர் வகைகள் இருக்கலாம், சைலீன் இருக்கலாம். ஆனால் வாகனச் சாயத்துக்கும் மரப் பளபளப்புக்கும் பயன்படும் தின்னர்களில் பெரும்பாலும் தவறாமல் இடம்பெறுவது டொலுயீன். பென்சீன் வளையத்தோடு ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்த நறுமண ஹைட்ரோகார்பன் அது. நிறமற்றது, தண்ணீரைவிட இலேசானது, ஒரு லிட்டர் ஏறத்தாழ 867 கிராம் எடை இருக்கும். 111 பாகை செல்சியஸில் கொதிக்கும். உறைய வேண்டுமானால் கழித்தல் 95 பாகை வரை குளிர வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராம் அளவே கரையும். எண்ணெய், பிசின், ரப்பர், பல வகை பிளாஸ்டிக் ஆகியவற்றைக் கரைப்பதிலோ இளக்குவதிலோ அதற்கு ஈடாக, அதே விலையில், வேறொன்றைச் சொல்வது கடினம். அதனால்தான் சாயம், அச்சு மை, செருப்புப் பசை, தோல் பதனிடுதல் என்று எங்கு பார்த்தாலும் அது இருக்கிறது. நாம் எண்ணெய் நிலையத்தில் நிரப்பும் பெட்ரோலிலும் ஆக்டேன் அளவை உயர்த்தும் கூறாக டொலுயீன் உண்டு. மெத்தைக்குள் இருக்கும் பாலியூரித்தேன் நுரைக்கான மூலப்பொருளும் அதிலிருந்துதான் வருகிறது. டி.என்.டி. வெடிமருந்தும் அப்படித்தான்: முதலாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்கு டொலுயீன் போதாமல் போனபோது, நம் பக்கத்துத் தீவான போர்னியோவின் கச்சா எண்ணெயில் அது மிகுதியாக இருந்தது பெரிதும் கைகொடுத்தது. அந்த எண்ணெயிலிருந்து டொலுயீனைப் பிரித்தெடுத்த ஆலையை 1915-இல் ரோட்டர்டாமிலிருந்து கழற்றிக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார்கள். இவ்வளவு உழைக்கும் ஒரு பொருளைத் தடை செய்யுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அது எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்து கையாள வேண்டும் என்பதே என் கோரிக்கை.

டின்னுக்குள் கிடக்கும் திரவத்தைப் பார்த்தே நாம் கவனமாக இருக்கிறோம். உண்மையில் கவனிக்க வேண்டியது அதிலிருந்து எழும் ஆவியை. எவ்வளவு திரவம் எவ்வளவு காற்றைக் கெடுக்கும் என்பதை ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நம் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளில் பத்தடிக்குப் பத்தடியில், எட்டடி உயரத்தில் ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஏறத்தாழ 22.6 கன மீட்டர். ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து மில்லிலிட்டர் டொலுயீன், அந்த அறையில் முழுமையாக ஆவியானால் ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆவி உண்டாகும். அறைக் காற்றோடு அது சீராகக் கலந்தால் பத்து லட்சம் பங்குக் காற்றில் ஏறத்தாழ 50 பங்கு டொலுயீன் இருக்கும். இந்த 50 என்பது சாதாரண எண் அன்று. வேலையிடங்களில் இரசாயனங்களுக்கு ஆட்படுவதைக் கட்டுப்படுத்த 2000-ஆம் ஆண்டு நம் மலேசியாவில் கொண்டுவரப்பட்ட விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு டொலுயீனின் சராசரி உச்ச வரம்பாக வைத்திருப்பது இந்த அளவைத்தான். அமெரிக்காவின் ஏ.சி.ஜி.ஐ.எச். என்ற தொழில்சார் சுகாதார வல்லுநர் அமைப்பு அதையும் குறைத்து 20 பங்கே போதும் என்கிறது. சன்னலைச் சாத்திக்கொண்டு, நனைத்த துணியால் ஒரு கதவைத் துடைப்பவர் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துவாரா? ஐம்பது மில்லிலிட்டர் ஆவியானால் அதே அறையில் 500 பங்கு. உடனடியாக உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்று அமெரிக்காவின் நியோஷ் என்ற வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு வகுத்திருக்கும் அளவு அது. ஐம்பது மில்லிலிட்டர் என்பது ஒரு சின்னக் கிண்ணத்தின் அடியில் கிடக்கும் அளவுதான்.

மூக்கு எச்சரிக்காதா என்று கேட்கலாம். முதலில் எச்சரிக்கும். பத்து லட்சத்தில் சில பங்குகள் இருக்கும்போதே டொலுயீனின் இனிப்பு கலந்த காரமான வாடையை உணர முடியும். ஆனால் சற்று நேரத்தில் மூக்குப் பழகிவிடும். வாடை போய்விட்டது என்று நாம் நினைக்கும்போது காற்றில் அதன் அளவு ஏறிக்கொண்டே இருக்கலாம். அறைக்கு வெளியே போய்த் திரும்பி வருபவர் முகம் சுளிப்பதும், உள்ளேயே இருப்பவர் "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்பதும் இதனால்தான். ஆய்வகத்தில் எங்கள் மேலாளர், வாடையை நம்பிச் சன்னலைத் திறக்கவோ மூடவோ கூடாது, அளவுமானியை நம்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டில் அளவுமானி இல்லை என்பதால் வீட்டுக்கு இன்னும் எளிய விதி: சன்னலும் கதவும் திறந்திருக்காவிட்டால் தின்னர் டின்னைத் திறக்கக் கூடாது.

தீயைப் பற்றிய செய்தி இதைவிட அவசரமானது. டொலுயீனின் தீப்பற்று நிலை 4 பாகை செல்சியஸ். அந்த வெப்பநிலையிலேயே, ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி மேற்பரப்பில் சேர்ந்துவிடும். நம் குளிர்ப்பெட்டியின் உட்புறமே ஏறத்தாழ அந்த வெப்பநிலையில்தான் இருக்கிறது. பகலில் 32 பாகையைத் தொடும் பினாங்கில், திறந்த டொலுயீன் டின் எந்நேரமும் பற்றுவதற்குத் தயாராகவே இருக்கிறது என்று கொள்ள வேண்டும். காற்றில் அதன் ஆவி 1.1 விழுக்காட்டிலிருந்து 7.1 விழுக்காடுவரை கலந்திருந்தால் தீப்பிடித்து வெடிக்கும். மேலே சொன்ன அதே அறையில் ஒரு லிட்டர் ஆவியானால் சராசரி அளவே ஒரு விழுக்காட்டைத் தொடும். ஆனால் ஆவி சராசரியாகப் பரவுவதில்லை. அது காற்றைப் போல மும்மடங்கு கனமானது. சாம்பிராணிப் புகை மேலே எழுவதைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு, தரையோடு தரையாகப் படர்ந்து, வாசற்படியைத் தாண்டிப் பக்கத்து அறைக்குள் போகும் இந்த ஆவியின் போக்கு பிடிபடாது. ஆகவே அரை லிட்டர் சிந்தினாலும் முழங்காலுக்குக் கீழே உள்ள காற்று வெடிக்கும் நிலைக்கு வந்துவிடலாம்.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. சாயம் பூசும் நாளிலும் சாமி அறையில் விளக்கு எரியும். பல வீடுகளில் அந்த விளக்கு தரையிலோ, தரையை ஒட்டிய மாடத்திலோ இருக்கும். கூடத்தில் கதவுச் சட்டத்துக்கு எனாமல் பூசிக்கொண்டிருப்பவர் தம் அருகில் நெருப்பு இல்லை என்று நிம்மதியாக இருப்பார். ஆவி தேடிப் போய் விளக்கைத் தொட்டால், தீ அதே வழியாகத் திரும்பி டின்னுக்கு வரும். கும்பாபிஷேகத்துக்கு முன்பு கோயில்களில் நடக்கும் சாய வேலையிலும் இதே கவனம் வேண்டும். கோபுரத்தில் வேலை செய்யும்போது கடற்காற்று ஆவியை அடித்துக்கொண்டு போய்விடும்; அங்கே விழாமல் இருப்பதுதான் பெரிய கவலை. கருவறைக் கதவுக்கும் உள் மண்டப மரவேலைக்கும் பளபளப்பு ஏற்றும்போது நிலைமை வேறு: ஒரே வாசல், காற்றோட்டம் இல்லை, கற்பூரத் தட்டு எந்நேரமும் உள்ளே வரலாம். பளபளப்பு காய்ந்து, காற்று மாறும்வரை தீபத்தையும் கற்பூரத்தையும் வேறிடத்தில் வைத்துக்கொள்ளும்படி கோயில் நிர்வாகங்களும் குருக்கள்மார்களும் பேசி முடிவு செய்தால் சாஸ்திரத்துக்கு ஒன்றும் குறை வந்துவிடாது என்பது என் தாழ்மையான எண்ணம்.

விளக்கும் சிகரெட்டும் மட்டுமே தீப்பொறி அல்ல. டொலுயீன் மின்சாரத்தை மிக மிகக் குறைவாகவே கடத்தும். குழாயில் ஓடும்போதும் உயரத்திலிருந்து விழும்போதும் அதில் நிலைமின்னூட்டம் சேரும். நம் ஊர் காற்றில் ஈரம் அதிகம், ஆகவே இங்கே நிலைமின்சாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று தொழிலில் ஊறியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். காற்றின் ஈரம் திரவத்துக்குள் சேர்ந்த மின்னூட்டத்தைப் போக்காது. தொழிற்சாலையில் பீப்பாயிலிருந்து உலோக வாளிக்கு டொலுயீன் எடுக்கும்போது, பீப்பாயிலிருந்து நிலத்துக்கு ஒரு கம்பி, பீப்பாய்க்கும் வாளிக்கும் இடையே இன்னொரு கம்பி என்று இரண்டு இணைப்புகள் போட்ட பிறகே குழாயைத் திறப்போம். கம்பியின் முனையில் இருக்கும் கவ்வி, பல் பல்லாக, கூர்மையாக இருக்கும். வாளியின் மேலுள்ள சாயத்தையும் துருவையும் கீறிக்கொண்டு வெற்று உலோகத்தைக் கடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். கவ்வியை மாட்டிவிட்டு இரண்டு முறை ஆட்டிப் பார்ப்பது வழக்கம். ஊற்றும் குழாய் வாளியின் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். மேலிருந்து கொட்டவிடக் கூடாது. பிளாஸ்டிக் வாளிக்கு நில இணைப்பு கொடுத்தும் பயனில்லை, ஏனென்றால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் நகராது. இவ்வளவு சடங்கும் தேவையா என்று புதிதாக வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். பெரிய பீப்பாயிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் நேரடியாகக் கொட்டிக்கொள்ளும் சிறு பட்டறைகளைப் பார்க்கும்போது அந்தக் கவ்விதான் என் நினைவுக்கு வருகிறது.

தீப்பிடித்துவிட்டால் தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது. டொலுயீன் தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். தூள், கரியமிலவாயு, நுரை வகை அணைப்பான்களே ஏற்றவை. அணைப்பான் இல்லாத வீட்டில் வீரம் காட்டாமல் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 999-ஐ அழைப்பதே சரி.

இனி உடலுக்கு வருவோம். பென்சீனைப் போல டொலுயீனும் இரத்தப் புற்றுநோயைத் தருமா என்று பலரும் என்னிடம் கேட்பதுண்டு. வடிவத்தில் இரண்டும் நெருங்கிய உறவு என்றாலும் உடலுக்குள் அவை செல்லும் பாதை வேறு. டொலுயீனில் உள்ள மெத்தில் தொகுதியைக் கல்லீரல் முதலில் பற்றி, படிப்படியாகப் பென்சாயிக் அமிலமாக மாற்றி, கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. பென்சீனுக்கு அப்படியொரு கைப்பிடி இல்லை; அதன் வளையமே தாக்கப்படுகிறது, அதில் உண்டாகும் பொருள்கள் எலும்பு மச்சையைக் கெடுக்கின்றன. ஆகவே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகாமை பென்சீனை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவிலும், டொலுயீனை வகைப்படுத்த இயலாத மூன்றாம் பிரிவிலும் வைத்திருக்கிறது. இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடுபவர்களுக்கு நான் சொல்வது: டொலுயீன் குறிவைப்பது மூளையையும் நரம்பையும். முதலில் தலைவலி, தலைச்சுற்றல், ஒரு மயக்கமான மகிழ்ச்சி. பிறகு தடுமாற்றம், வாந்தி உணர்வு, தூக்கம். ஏணியின் மேல் நிற்பவருக்கு இந்த முதல் கட்டமே போதும், கீழே விழுவதற்கு. நீண்ட காலம், மிகுந்த அளவில் உள்ளிழுப்பவர்களின் மூளையில் வெண்பொருள் சிதைகிறது. கை நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, நினைவு மங்குகிறது. பிளாஸ்டிக் பையில் பசையை ஊற்றி முகரும் சிறுவர்களுக்கு நேர்வது இதுதான். அவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, கைகால் திடீரென்று செயலற்றுப் போகும்; சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி அந்த இடத்திலேயே உயிர் போகும்.

வேலை செய்பவர்களுக்கு அதிகம் தெரியாத இன்னொரு பாதிப்பு, செவியைப் பற்றியது. டொலுயீன் தனியாகவே கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடியது. பேரிரைச்சலோடு சேர்ந்தால் கூடுதலாகப் பாதிக்கும். ஒரு பக்கம் தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதும் மறுபக்கம் சாயம் தெளிப்பதுமாக நடக்கும் நம் வாகனப் பட்டறைகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. காது கேட்காததற்கு வயதைக் குறை சொல்லும் பட்டறைக்காரர்கள் பலர். கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்ற சந்தேகத்துக்குரிய பொருள்களின் பட்டியலிலும் டொலுயீன் இருக்கிறது. ஆகவே கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் சாய வேலையைத் தள்ளிப்போடுவது அல்லது அவர்களை வேறு வீட்டில் தங்க வைப்பது வீண் அச்சம் ஆகாது.

கை துடைக்கும் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். பட்டர்வொர்த்தில் என் வீட்டுக்கு அருகே உள்ள ஒரு பட்டறையில், மாலையில் வேலை முடிந்ததும், கழுத்தை வெட்டி எடுத்த தண்ணீர்ப் போத்தலில் விரல் நான்கு உயரத்துக்குத் தின்னரை ஊற்றி, ஆளுக்கொருவராகக் கையை முக்கி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். சாயம் நொடியில் போய்விடும். காய்ந்ததும் புறங்கை சாம்பல் பூத்தது போல வெளுக்கும். விரல் இடுக்குகளில் தோல் வரி வரியாக வெடித்திருக்கும். தோலில் இயற்கையாக உள்ள கொழுப்பையும் சேர்த்துக் கரைத்துவிடுவதால் ஏற்படும் நிலை அது. வெடித்த தோல் வழியாக அழுக்கும் கிருமியும் எளிதில் உள்ளே போகும்; தோல் வழியாக டொலுயீனும் ஓரளவு உடலுக்குள் போகும். கையை முகத்துக்கு அருகில் வைத்துத் துடைக்கும்போது எழும் ஆவி வேறு. எண்ணெய்ச் சாயம் காய்வதற்கு முன்பே சமையல் எண்ணெயைத் தடவித் தேய்த்து, துணியால் வழித்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். காய்ந்த திட்டு இரண்டு நாள் கையில் இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. சுவருக்கு இன்று நாம் பூசும் இமல்ஷன் நீரில் கரையும் வகை; அதற்குத் தின்னரே தேவையில்லை, தண்ணீரே போதும்.

கையுறை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மை அன்று. உலகத்துக்கே ரப்பர் கையுறை விற்கும் நாட்டில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: இயற்கை ரப்பர் டொலுயீனில் ஊறி உப்பிப் போகும். மெல்லிய நீல நிற நைட்ரைல் கையுறையும் சில நிமிடங்களில் ஆவியை உள்ளே விட்டுவிடும்; திடீரென்று தெறிப்பதற்கு மட்டும் அது உதவும், உடனே கழற்றி எறிந்துவிட வேண்டும். நீண்ட நேரம் கை படும் வேலைக்குப் பாலிவினைல் ஆல்கஹால் பூசியவை, ஃப்ளூரோ ரப்பர் வகை, பல அடுக்குப் பிளாஸ்டிக் வகை ஆகியவை உண்டு, விலை அதிகம். முகக்கவசத்திலும் இதே குழப்பம். கோவிட் காலத்தில் நாம் அணிந்த அறுவை முகக்கவசமும் என்-95 கவசமும் துகளை மட்டுமே தடுக்கும். ஆவிக்கு அவை இருப்பதும் இல்லாததும் ஒன்று. கரிம ஆவிக்கென்று கரித்தூள் அடைத்த குப்பிகள் பொருத்திய கவசம் வேண்டும். ஐரோப்பிய முறையில் குப்பியின் பட்டை பழுப்பாகவும் அமெரிக்க முறையில் கறுப்பாகவும் இருக்கும். அதையும் இரவெல்லாம் தெளிப்பு அறையின் ஆணியில் தொங்கவிட்டால், அணியாதபோதே கரி ஆவியை உறிஞ்சித் தீர்ந்துவிடும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி வைக்க வேண்டும் என்பதைப் பல பட்டறைகளில் யாரும் சொல்லித்தருவதில்லை. மூடிய தொட்டிக்குள் இறங்கும் வேலைக்கு இந்தக் கவசமும் போதாது என்பதைத் தனியே சொல்லியாக வேண்டும்.

குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கும் யோசனைதான் எல்லாவற்றிலும் கவலைக்குரியது. டொலுயீனுக்குத் தண்ணீரின் நிறம். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை முதல் மிடற்றை விழுங்கிய பிறகே வாடையை உணரும். இந்த நேரத்தில் பெற்றோர் செய்யும் முதல் காரியம், விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது. அது கூடவே கூடாது. இலேசாக ஓடும் இந்தத் திரவம் வாந்தியின்போது மூச்சுக்குழாய்க்குள் புகுந்தால் நுரையீரலில் கடுமையான அழற்சி உண்டாகும். வயிற்றுக்குள் போனதைவிட அதுதான் உயிருக்கு ஆபத்து. வாயைத் துடைத்துவிட்டு, டின்னையோ போத்தலையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில், தேசிய நச்சு மையம் இயங்குகிறது. எந்த இரசாயனத்தை விழுங்கினாலும் என்ன செய்வது என்று தொலைபேசியில் ஆலோசனை தருபவர்கள் அவர்கள். மூல டின்னிலேயே, மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க முடியாவிட்டால் அந்தத் தின்னரை மிச்சம் வைக்காமல் இருப்பதே நல்லது. தேவைக்கு மேல் வாங்காமல் சிறு டின்னாக வாங்கலாம்.

சட்டம் இதற்கெல்லாம் வழி செய்யவில்லையா என்றால், வேலையிடங்களுக்குச் செய்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் இரசாயன வகைப்பாடு, அடையாளச்சீட்டு விதிமுறைகளின்படி, வேலையிடத்துக்கு விற்கப்படும் டின்னில் அபாயச் சின்னங்களும், "பஹாயா" (ஆபத்து) என்ற எச்சரிக்கைச் சொல்லும், செய்ய வேண்டியவையும் கூடாதவையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அதோடு பதினாறு பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாளையும் விற்பவர் தர வேண்டும். அதில் மூன்றாம் பகுதியைப் பார்த்தால் கலவையில் என்னென்ன இருக்கிறது என்பதும், எட்டாம் பகுதியைப் பார்த்தால் எந்தக் கையுறை, எந்தக் கவசம் என்பதும் தெரியும். பெரும்பாலான பட்டறைகளில் இந்தத் தாள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. தின்னரைத் தொடுபவர் கண்ணில் படுவதில்லை. திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. தொழிலாளர் பாதுகாப்பைப் புறக்கணிக்கும் முதலாளிக்கு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். இந்தக் கடைசி உரிமையைப் பற்றி நம் பட்டறைகளில் பேசிப் பார்த்தால் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது என்பது விளங்கும்.

ஒரு சிறு குறிப்பு. டொலுயீனோடு வேலை செய்பவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து ஹிப்யூரிக் அமிலத்தை அளப்பது பழைய முறை. பென்சோயேட் என்ற பதப்படுத்தி கலந்த குளிர்பானம் குடித்தாலும் அதே அமிலம் கூடும் என்பதால், அந்த ஒன்றை மட்டும் வைத்து யாரையும் பயமுறுத்தவும் வேண்டாம், தைரியப்படுத்தவும் வேண்டாம். டொலுயீன் உடலுக்குள் மாறுவதால் உண்டாகும் ஆர்த்தோ கிரெசால் என்ற பொருளை அளப்பதோ, சிறுநீரில் மாறாமல் வெளியேறும் டொலுயீனையே அளப்பதோ நம்பகமானது.

பயன்படுத்தி முடித்த தின்னரைச் சாக்கடையில் கொட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். தூரிகை கழுவிய தின்னரை ஒரு கண்ணாடிக் குடுவையில் மூடி வைத்தால், ஒரு நாளில் சாயம் அடியில் படியும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறை கழுவப் பயன்படுத்தலாம். குடுவையின் மேல் பெயரை எழுதி ஒட்ட வேண்டும். பட்டறைகளுக்கோ இது விருப்பம் சார்ந்ததன்று: 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (அபாயகரமான கழிவு) விதிமுறைகளின்படி இவ்வகைக் கரைப்பான் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 322 என்றும், அது தோய்ந்த துணிக்கு எஸ்.டபிள்யூ. 410 என்றும் குறியீடு உண்டு. உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். சாக்கடைக்குள் கொட்டிய கரைப்பான் மிதந்து போய், மூடிய கால்வாய்க்குள் ஆவியாகத் தேங்கி, எங்கோ ஒரு பொறிக்குக் காத்திருக்கும். 2019 மார்ச் மாதம் ஜோகூர், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதன் விளைவாக 111 பள்ளிகள் மூடப்பட்டதும், ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்குப் போனதும் மறந்திருக்காது. அப்போது கண்டறியப்பட்டவற்றின் பட்டியலில் டொலுயீனும் சைலீனும் இருந்தன. அது பெரிய அளவில் நடந்த குற்றம். ஒரு பட்டறை ஊற்றும் ஒரு வாளியை அதோடு சமமாக வைக்க மாட்டேன். ஆனால் பிறையிலும் ஜூருவிலும் ஆற்றை ஒட்டி எத்தனை பட்டறைகள் இருக்கின்றன என்பது இவ்வூர்க்காரர்களுக்குத் தெரியும்.

தங்களிடம் நான் வேண்டுவது மூன்று. கை துடைப்பது, போத்தலில் ஊற்றி வைப்பது ஆகிய இரண்டு யோசனைகளுக்கும் அதே ஞாயிறு பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடுங்கள். தேசிய நச்சு மையத்தின் தொலைபேசி எண்ணை, மையத்தையே கேட்டு உறுதி செய்துகொண்டு, பண்டிகைக் காலம் முடியும்வரை நாள்தோறும் ஒரு மூலையில் போடுங்கள். டின்னில் உள்ள அபாயச் சின்னங்கள் ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்பதைப் படத்தோடு தமிழில் ஒரு முழுப் பக்கமாக அச்சிட்டால், அதை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் படிக்கத் தெரியாத மூத்த தொழிலாளர்களும், தமிழகத்திலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிமார்களும் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக்கான விளக்கங்களை எழுதித் தரவும், அச்சாகும் முன் சரிபார்க்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு.